அக்னி மூலையில் ஒரு மலை

புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்பார். "மலை எந்தப் பக்கம்?"

மதுரையில் இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வடக்கே கையைக் காட்டி அழகர்மலை என்பார்கள். கிழக்கே ஆனைமலை, மேற்கே நாகமலை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரிங்க. மலை எந்தப் பக்கம்?" என்று மறுபடியும் ஆரம்பிப்பார். பதில் சொன்னவர்கள் இந்தம்மாவுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

அவர் கேட்டது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மலையை. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சிவனொளிபாத மலைக்கு நேர் எதிரே இருந்த லயத்தில் பிறந்தவர். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் காலையில் கதவைத் திறந்தால் மலைதான் முதலில் தெரிந்திருக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் அவரும் அவர் கணவரும் இந்தியாவின் பங்குக்கு வந்துவிட்டார்கள். ஒரே மகள். அவள் வாக்கப்பட்ட வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இவர்கள் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதங்கள் கிடந்து, கடைசியில் மதுரை விளாங்குடிக்கு வந்தார்கள். கணவருக்கு மில்லில் வேலை கிடைத்தது. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருடம் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். ஆரப்பாளையம் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளி. நான் அங்கே பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடித்து வைப்பதும் வகுப்பறைகளைப் பெருக்குவதும் அவர் வேலை. எல்லாரும் அவரைச் சிலோன்காரம்மா என்றார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் எந்தப் பெயரும் சொல்லாமல் "ஏங்க" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஒருநாள் என் வகுப்பைப் பெருக்க வந்தவர், சுவரில் தொங்கிய ஆசியப் படத்துக்கு முன்னால் விளக்குமாற்றோடு நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, இதுல சிலோன் எதுங்க?"

காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் பாதித் தீவு மறைந்துபோயிற்று.

"மலை இருக்குங்களா இதுல?"

அந்தப் படத்தில் இல்லை. அலமாரியிலிருந்து அட்லாஸை எடுத்து, தேடிப் பிடித்து, மதுரையிலிருந்து மலைக்கு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். "தென்கிழக்கு. நாம அக்னி மூலைன்னு சொல்வோம்ல, அந்தப் பக்கம்."

அவர் உடனே வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போய்க் கையைப் பிடித்துச் சரியான திசைக்குத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு கொய்யா மரமும் பிள்ளைகளின் கக்கூசும்தான் இருந்தன. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் குவிந்து சிரித்தார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது.

"கக்கூசு இங்கதான இருக்கு. மலை அங்க இருக்குங்க" என்றார், சிரிக்காமல்.

அன்றிலிருந்து அவருக்கு ஊர் முழுக்கத் திசை பிடிபட்டுவிட்டது. அந்தப் பக்கம் கால் நீட்ட மாட்டார். அந்தப் பக்கம் பார்த்து எச்சில் துப்ப மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பக்கம் பார்த்துப் பொய் சொல்ல மாட்டார். இது எப்படியோ பள்ளி முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஒருமுறை அலுவலக அறையில் சுவர்க் கடிகாரத்தின் சாவி காணாமல் போனபோது, தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு, நீ எடுத்தியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அவர் திரும்பி நின்று, "எடுக்கலீங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. சாவி இரண்டு நாள் கழித்து மேசை இழுப்பறைக்குப் பின்னால் கிடைத்தது. தலைமையாசிரியை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"இப்பிடிச் செய்யச் சொல்றாங்களேன்னு வருத்தமா இல்லையா?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். நாங்கள் இருவரும் விளாங்குடி போகும் ஒரே பஸ்ஸில்தான் தினமும் வருவோம்.

"மலையில ஏறும்போது பொய் பேசக் கூடாதுங்க. முடியலேன்னு சொல்லக் கூடாது. இன்னும் எவ்ளோ தூரம்னும் கேக்கக் கூடாது. எறங்கி வாரவங்க ஏறுறவங்களப் பாத்துக் 'கருணாவ'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. சிங்களப் பேச்சு. அருள் கெடைக்கட்டும்னு அர்த்தம். வருசம் பூரா எங்களக் கூலின்னு வைஞ்சவன்கூட அந்தப் படிக்கட்டுல நின்னு சொல்லுவான். நாங்களும் பதிலுக்குச் சொல்லுவோம். அப்பிடி ஒரு எடத்தக் காட்டிக் கேட்டா வருத்தப்பட என்னங்க இருக்கு?"

என் பாடப் புத்தகத்தில் அந்த மலைக்கு ஒரு வரி இருந்தது. மிச்சத்தை அவர்தான் பஸ்ஸில் சொன்னார். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை ஏறுகிற காலம். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் மலையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும். அந்த மழைதான் நாலு ஆறாக இறங்கி நாலு திசைக்கும் போகிறது. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகிப் பாசி பிடித்துக் கிழவிகள் மாதிரி கூனி நிற்கும். உச்சியை நெருங்கும்போது ரத்தச் சிவப்பாக ஒரு பூ. மாசி, பங்குனியில் வண்ணாத்திப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மலையைப் பார்த்துப் பறக்குமாம். சாகப் போகின்றன என்று சிங்களவர்கள் சொல்வார்களாம். விடியும்போது மலையின் நிழல் கூராக, முக்கோணமாக மேற்கே மேகத்தின் மேல் விழும். கொஞ்ச நேரத்தில் சுருங்கி மலைக்குள்ளேயே போய்விடும். உச்சியில் ஒரு மணி. எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். அவர் கடைசியாக அடித்தது பதினோரு முறை. மகள் ஏழு. அவளுக்கு நாலு வயதில் விஷக் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காக வேண்டிக்கொண்டு, அடுத்த வருடமே தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். அவர் கடை டீயை அந்தம்மா ஒரே ஒருமுறை குடித்தார். "இது தூள் இல்லீங்க, தரையக் கூட்டி அள்ளினது" என்றார். பாய்க்குக் கோபம் வரவில்லை. எந்த ஊர் என்று விசாரித்தவர், மலையின் பெயரைக் கேட்டதும் கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டார்.

"யம்மா, அது எங்க பாவா ஆதம் எறங்குன மலையில்ல? சொர்க்கத்துல இருந்து எறக்கிவிட்டப்ப மொதக் காலு அங்கனதான் வச்சாரு. எங்க உம்மாவப் பெத்த நன்னா அம்புட்டுத் தூரம் போயி பாத்துட்டு வந்திருக்காரு."

என்னோடு நின்ற தையல் டீச்சர் விடவில்லை. "இல்ல பாய், அது ஏசுவோட சீடர் தோமையார் பாதம்னு எங்க அப்பா சொல்லுவாரு."

இருவரும் தீர்ப்புக்காக அந்தம்மாவைப் பார்த்தார்கள்.

"சிங்களவங்க புத்தர் பாதம்பாங்க. நாங்க சிவன் பாதம்போம். மேல கல்லுல ஒரு பள்ளம் இருக்கு, துணி போட்டு மூடியிருக்கும். ஏறி வந்தவனுக்கு மூச்சு வாங்கவே நேரம் பத்தாது. அங்க நின்னு யாரும் சண்ட போட்டுப் பாத்ததில்லீங்க. சண்டையெல்லாம் கீழ எறங்கினப்புறந்தான்."

ஒரு விடுமுறை நாளில் அவரை அழகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கிறிஸ்தவள், எனக்கு அங்கே கும்பிட ஒன்றும் இல்லை. மலை இல்லாமல் தவிக்கிறவருக்கு ஒரு மலையைக் காட்டலாமே என்றுதான். மலைப்பாதையில் ஏறி நூபுர கங்கை வரை போனோம். வழியெல்லாம் சேலையைத் தூக்கித் தூக்கிக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். முள் குத்திவிட்டதோ என்று கேட்டேன்.

"அட்டை கடிக்குமேன்னு பாத்தேங்க. ஒன்னக்கூடக் காணோமே."

மேலே சுனைத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். நல்ல தண்ணீர் என்றார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, கீழே விரிந்து கிடந்த சமவெளிக்கு மேலே தென்கிழக்கைப் பார்த்தார். வெயில் கானலாக ஆடியது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "இங்கேருந்தும் தெரியலீங்க" என்றார். தெரியும் என்று நிஜமாகவே நம்பி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளின் கடிதங்கள் என் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். அவர் இருந்த குடிசைப் பக்கம் தபால்காரர் போவதில்லை. மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்த பெண். குண்டு குண்டாக எழுதுவாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் அவர் என் சமையலறைக்குள் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்பார். என் வீட்டில் அக்னி மூலை அடுப்பங்கரைதான். ஒருதடவை வாசித்தால் போதும். ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் வரி மாறாமல் சொல்வார்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதம் ரேடியோவில் செய்தி வந்தது. கொழும்பில் தீ, கண்டியில் தீ என்றார்கள். அவர் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து ரேடியோவுக்கு முன்னால் நின்றார். மஸ்கெலியா என்ற பேர் வருகிறதா என்று மட்டும் கேட்டார். ஆவணி போய்ப் புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. மேலுறையிலேயே எழுத்து வேறாக இருந்தது.

மருமகன் எழுதியிருந்தான். லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு மலைக்காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். மலை நம்மைக் கைவிடாது என்று அவள்தான் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாளாம். மூன்று நாள் விடாத மழை. குழந்தையைத் தன் சேலைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு நனைந்திருக்கிறாள். குழந்தை பிழைத்துவிட்டது. அவள் நாலாம் நாள் குளிர்க் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் டீச்சர் என்று எனக்கும் இரண்டு வரி எழுதியிருந்தான்.

நான் இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். தபால்காரரை வழியில் பார்த்திருக்கிறார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "அவ எழுத்து இப்பிடிச் சாஞ்சிருக்காதே."

"கையில லேசா அடிபட்டிருக்காம். மருமகன் எழுதியிருக்கார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். அவருக்குக் கணவர் இல்லை, ஊர் இல்லை. மகளைக் கொண்டுபோனது அந்த மலையின் மழைதான் என்று சொல்லி, மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்க எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீச்சரம்மா, ஒன்னும் நெனச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி வாசிங்க" என்றார்.

நான் பூகோளம் நடத்துகிறவள். திசை எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, எல்லாரும் சுகம், லயம் எரிந்ததால் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டோம், குழந்தை எழுந்து நிற்கிறாள், தபால் சரியாக வராது, கவலைப்பட வேண்டாம் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். குழந்தை எழுந்து நிற்கிறாள் என்ற இடத்தில் அவர் அழுதார். முழுதாக நம்பிவிட்டார்.

அடுத்த வாரமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று மருமகனுக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் மகளுக்குப் பதில் எழுதச் சொல்வார். நான் எழுதுவேன். மழையில் நனையாதே, பிள்ளைக்குத் தலையை மூடு, தை பிறந்ததும் முடிந்தால் எனக்காக ஒருதடவை ஏறு என்று சொல்லச் சொல்ல எழுதி, விலாசமும் எழுதி, பள்ளிக்குப் போகும் வழியில் கிழித்துப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் சின்னச் சின்னத் தப்பையெல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொல்ல மாட்டேன்.

அதைவிட மோசமானது மனு. மகள் குடும்பத்தை இந்தியாவுக்கு வரவழைக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ யோசனை சொல்லிவிட்டார்கள். என்னைத்தான் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளெல்லாம் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பார். இந்த மேசைக்குப் போ என்பார்கள், அந்த மேசைக்குப் போ என்பார்கள். மத்தியானம் வியர்வையில் நனைந்து பள்ளிக்கு வந்து, தாமதத்துக்குத் தலைமையாசிரியையிடம் திட்டு வாங்கிக்கொண்டு குடத்தை எடுப்பார். மகள் வந்தால் தனியாகப் படுக்கட்டும் என்று குடிசைக்குள் தட்டி வைத்து ஒரு தடுப்பு அடித்தார். கயிற்றுக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் கட்டில் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் என் சமையலறையில் எனக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவன் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, கையில் ஒரு துணிப்பை. மண்டபம் முகாமிலிருந்து வருவதாகச் சொன்னான். யார் என்று நான் புரிந்துகொள்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மாவுக் கையோடு வந்துவிட்டார்.

அவன் அப்படியே அவர் காலில் விழுந்தான். "அத்தே, ஒங்க மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்லாமத்தான் இத்தன நாள் கெடந்தேன். அவளக் காப்பாத்த முடியாமப் போச்சே, அத்தே."

"யார?" என்றார் அவர்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அவனே சொன்னான். அவர் நின்றபடியே கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்விதான்.

"ஆத்துக்கு மேல பெரிய பாறை ஒன்னு இருக்குமே, அந்தப் பக்கமா?"

"அதுக்குக் கீழதான், அத்தே. அங்கனயே பொதச்சிட்டோம்."

அவர் போய்க் கையைக் கழுவினார். மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து மூடினார். ஆட்டுக்கல்லையும் கழுவி ஊற்றினார். பிறகு என்னிடம் வந்தார்.

"மலை மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அது மழை பெய்யிற காலம், மழை பெஞ்சிச்சு. அது எப்பவும் அப்பிடித்தான். நீங்க ஏங்க?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். உங்க நல்லதுக்குத்தான் என்ற மாதிரி ஏதோ ஒன்று.

"ஒன்னர வருசம் நான் அழாம இருந்துட்டேனே" என்றார். "பெத்த பிள்ள செத்துக் கெடக்கா, நான் கட்டில் வாங்கிப் போட்டேனே. அவளுக்கு ஒரு வாய் சோறு படைச்சு அழக்கூட நீங்க என்ன விடலையே."

மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி வேலையை அவர் விடவில்லை. எப்போதும்போல என் வகுப்பில் தண்ணீர் வைத்தார், பெருக்கினார். டீச்சரம்மா என்பது டீச்சர் என்று ஆயிற்று. பஸ்ஸில் நான் முன்பக்கம் உட்கார்ந்தால் அவர் பின்னால் போய் நிற்பார். மலையைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்கவில்லை. வகுப்பில் இலங்கைப் படம் நடத்த வேண்டிய நாளில் அவர் பெருக்கி முடித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் அட்லாஸைத் திறப்பேன்.

பேத்தி கடலுக்கு அந்தப் பக்கத்தில், மருமகனின் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து எப்போதாவது கடிதம் வரும். விலாசத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார். பியூன் கொண்டுவந்து கொடுப்பார். ஆசிரியைகள் பத்துப் பேர் இருந்தோம். ஒருவரிடமும் வாசிக்கக் கொடுக்க மாட்டார். உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

என்ன செய்கிறார் என்று ஒருநாள் சாயங்காலம் பார்த்தேன். ஆரப்பாளையத்தில் நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கீழே, பழக்கடைகளுக்கு முன்னால் நின்று, புத்தகத்தோடு போன ஒரு காலேஜ் பையனை நிறுத்தினார். அவன் நின்றவாக்கில் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவர் நன்றி சொல்லி, கடிதத்தை வாங்கி மடித்தார். நான்கடி தள்ளிப் போய் ஒரு கண்டக்டரிடம் அதே கடிதத்தை நீட்டினார். அவரும் வாசித்தார். அந்தம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. வரிக்கு வரி சரிபார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கண்டக்டர் போனதும் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது முறையும் முடிந்த பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பேத்தியைப் பற்றி ஏதோ நல்ல செய்தியாக இருக்க வேண்டும். என்ன என்று எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பிவிட்டது.